வெங்காயக் கரும்பொடி வெயிலில் ஏன் வெள்ளையாக மின்னுகிறது?

சென்ற இதழில் 'வானம் ஏன் நீலம்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காற்றில் மிதப்பவற்றைப் பற்றியே இருந்தன: மகரந்தம், பூஞ்சை, கிருமி, தூசி. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல் பெயர் போடவில்லை, பேட்டை போதும். பொறியியல் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலேயே காலத்தைத் தள்ளியவள் நான். பதிலில் லேப் வாடை கொஞ்சம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஹால் ஜன்னல் வழியே வெயில் விழும்போது துகள்கள் ஆடுவது தெரிகிறது. உள்சுவர் ஓரமாக நின்று ஜன்னலைப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. ஜன்னல் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஒன்றையும் காணோம். தூசி எங்கே போகிறது? அதெல்லாம் மகரந்தமா, மேடம்?
– வாசகி, நங்கநல்லூர்

தூசி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. நீங்கள்தான் அது வெளிச்சத்தை வீசும் திசையிலிருந்து விலகிப் போய்விட்டீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்று மூலக்கூறுகள் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அவை ஒளியை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும், அதிலும் நீலத்தைத்தான் அதிகமாக. அலைநீளத்தைவிடப் பெரிய துகள் அப்படிச் செய்யாது. தன்மேல் பட்ட ஒளியில் பெரும்பகுதியை, வந்த திசையிலேயே லேசாக வளைத்து முன்னோக்கித் தள்ளும். ஜன்னலைப் பார்த்து நிற்கிறவர் கண்ணில் அது விழுகிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். வெயிலில் கார் கண்ணாடி அழுக்கு எதிர்வெயிலில் மட்டும் கண்ணை உறுத்துவதும் இதனால்தான்.

மகரந்தமா என்றால், கொஞ்சம் இருக்கலாம். பெரும்பாலும் துணி இழை, நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில், ரோட்டு மண். மகரந்தம் 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10, பாக்டீரியா 1 மைக்ரான் சுமாருக்கு. அசையாத காற்றில் 30 மைக்ரான் மகரந்தம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். ஜன்னல் உயரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். அதே காற்றில் 3 மைக்ரான் பூஞ்சை வித்து ஒரு மீட்டர் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். ஃபேன் சுற்றினால் இறங்கவே இறங்காது. நன்றாகத் தெரிவது சீக்கிரம் கீழே போய்விடுகிறது. சரியாகத் தெரியாததுதான் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அக்கா, கோயம்பேட்டுல வெங்காய மண்டி வச்சிருக்கேன். சில மூட்டையில தோலுக்கடியில கரிப்பொடி மாதிரி இருக்கும். கையில கருப்பாத்தான் ஒட்டுது. ஆனா விடியக்காலையில ஷெட் ஓட்டை வழியா வர்ற வெயில்ல அது பறக்கும்போது வெள்ளையா மின்னுது. கருப்பு எப்படிக்கா வெள்ளை ஆச்சு? மூச்சுல போனா கெடுதலா?
– வியாபாரி, கோயம்பேடு

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், தம்பி. பாடப்புத்தகத்தில் பல பக்கம் வளர்த்து எழுதுவதை நீங்கள் ஷெட்டிலேயே பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் பொடி ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் வித்துகள். ஒவ்வொன்றும் சுமார் 4 மைக்ரான். வித்தின் மேலுறையில் மெலனின் இருக்கிறது. நம் தலைமுடிக்குக் கருமை தருவதும் இதே வகைச் சாயம்தான். எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும். புற ஊதாவை இன்னும் நன்றாக விழுங்கும். வெட்டவெளியில் வெயிலில் பறந்து பிழைக்க வேண்டிய வித்துக்கு அது பாதுகாப்பு.

இப்போது ஒற்றை வித்து வெயிலில் மிதக்கிறது என்று வையுங்கள். அதன்மேல் நேராக மோதிய ஒளி உள்ளே போய்ப் பெருமளவு விழுங்கப்படுகிறது. ஆனால் மோதாமல் ஓரத்தை ஒட்டிப் போகும் ஒளி இருக்கிறதே, அதுவும் சும்மா போவதில்லை. விளிம்பில் வளைந்து விலகுகிறது. விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த வளைவுக்குத் துகள் கருப்பா வெள்ளையா என்ற கவலையே கிடையாது. அதன் உருவக்கோடும் அளவும் மட்டும்தான் கணக்கு. அலைநீளத்தைவிட நன்கு பெரிய துகள், தன் நிழலின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு ஒளியைக் கற்றையிலிருந்து எடுத்துவிடும். ஒரு பங்கு உடம்பால், இன்னொரு பங்கு விளிம்பால். விளிம்பால் போன பங்கு விழுங்கப்படாமல், எல்லா நிறமும் சேர்ந்து, வெயில் போகிற திசையிலேயே போகிறது. வெயிலைப் பார்த்து நின்றீர்கள் அல்லவா, அது உங்கள் கண்ணுக்கு வந்துவிட்டது. அதுதான் அந்த வெள்ளை மினுக்கல்.

உள்ளங்கையில் ஒட்டும்போது லட்சக்கணக்கான வித்துகள் குவிந்துவிடுகின்றன. தனி விளிம்பு என்று எதுவும் மிஞ்சாது. திரும்பி வரும் ஒளியை மட்டும்தான் பார்க்கிறீர்கள். அதை மெலனின் தின்றுவிட்டதால் கருப்பு. நாளைக்கு ஷெட்டில் வெயில் முதுகில் படும்படி நின்று அதே பொடியைத் தட்டிப் பாருங்கள். மினுக்கல் போயிருக்கும்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம், மீதிக் கடிதங்களுக்கும் உதவும். சிதறிய ஒளி முக்கியமாகத் துகளின் அளவைச் சொல்லும். அது இன்ன பொருள் என்று அறிய, துகள் விழுங்கிய ஒளியைத்தான் விசாரிக்க வேண்டும்.

கெடுதலா என்றால், நல்ல உடம்புக்காரர் எப்போதாவது கொஞ்சம் சுவாசித்தால் பயமில்லை. தினமும் மூட்டை உதறுகிறவர், ஆஸ்துமாக்காரர், சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர் மாஸ்க் போடவேண்டும். பெருக்கினால் இன்னும் கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள்.

மேம், ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஃபிசிக்ஸ் லேபில் லேசரை வைத்துத் துகள் அளவு கண்டுபிடிக்கும் சோதனை. லைகோபோடியம் பவுடரைத்தான் தருகிறார்கள். வைவாவில் 'ஏன் இது, ஏன் சாக்பீஸ் தூள் இல்லை?' என்று கேட்டார்கள், முழித்தேன்.
– மாணவி, கிண்டி

முழித்ததில் தப்பில்லை, கேட்டவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். மேனுவலில் 'மஞ்சள் நிறப் பொடி' என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

லைகோபோடியம் என்பது பூக்காத, விதை இல்லாத ஒரு சின்னச் செடி. அதன் உறவுக்காரச் செடிகள் கொடைக்கானல், நீலகிரி ஈரச் சரிவுகளில் உண்டு. நீ கண்ணாடித் தகட்டில் தூவுவது அதன் வித்துகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மைக்ரான், உருண்டைக்கு நெருக்கமான வடிவம், உலர்ந்தது, தண்ணீர் ஒட்டாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்றுக்கொன்று அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. சந்தையில் இவ்வளவு ஒரே அளவான பொடியை இயந்திரத்தில் அரைத்து வாங்கப் போனால் விலை எங்கேயோ போகும். செடி இலவசமாகச் செய்து தருகிறது.

ஒவ்வொரு வித்தும் லேசர் ஒளியை வளைத்துத் திரையில் வளையம் போடும். கருவளையம் விழும் கோணத்துக்கு ஒரு கணக்கு: 1.22ஐ அலைநீளத்தால் பெருக்கி, துகளின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். சிவப்பு லேசர் 0.65 மைக்ரான், வித்து 30 மைக்ரான் என்றால் 0.026. தகட்டுக்கும் திரைக்கும் ஒரு மீட்டர் இருந்தால் முதல் கருவளையத்தின் ஆரம் 2.6 சென்டிமீட்டர். அரை மீட்டருக்கு 1.3. ஆயிரக்கணக்கான வித்துகளும் ஒரே அளவு என்பதால் எல்லாருடைய வளையமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பளிச்சென்று நிற்கும். சாக்பீஸ் தூளில் ஒன்று 5 மைக்ரான், அடுத்தது 50. ஆளுக்கொரு வளையம். எல்லாம் கலந்து நடுவில் ஒரு சிவப்பு மூட்டம், அவ்வளவுதான். துகள் சின்னதாக ஆக வளையம் பெரிதாகும் என்பதை மறக்காதே. அடுத்த வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.

கைப்பழக்கம் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் பொடியை அள்ளிப் போட்டுவிடுவார்கள். தகடு மஞ்சளாகத் தெரிந்தாலே அதிகம் என்று அர்த்தம். ஒரு சிட்டிகை தூவி, தகட்டைச் சாய்த்து விளிம்பை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டு. பொடி போய்விட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தகடு தெளிந்திருக்கும். வாயால் ஊதாதே, எச்சில் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகும். விளக்கை அணைத்துவிட்டு கிராஃப் ஷீட்டைப் பார். நடுப்புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று வளையம், உள்ளே மணல் தூவியதுபோல் சிறு சிறு பொட்டுகள் துடித்துக்கொண்டு. பக்கத்தில் தீக்குச்சி மட்டும் கூடாது. இந்தப் பொடி காற்றில் பறக்கும்போது குப்பென்று பற்றும். மேலை நாட்டு நாடக மேடைகளில் ஒருகாலத்தில் மின்னல் காட்டவே இதைப் பயன்படுத்தினார்கள்.

இதே வளையம் வானத்திலும் உண்டு. ஃபின்லாந்தில் பிர்ச், பைன் மரங்கள் பூக்கும்போது மகரந்தம் மூட்டமாக எழும்பி, சூரியனைச் சுற்றி நிற வளையம் போடும். பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை இருப்பதால் அது உருண்டை இல்லை. காற்றில் ஒரே வாட்டமாகப் படுத்து மிதக்கும். வளையமும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, சில இடங்களில் கூடுதல் வெளிச்சத்தோடு வரும். மகரந்தத்தின் வடிவத்தை வானத்திலேயே படிக்கலாம்! நம் ஊரில் நிலாவை ஒட்டித் தெரியும் சின்ன நிற வளையத்துக்குக் காரணம் மேகத்தின் நீர்த்துளிகள். தள்ளி, பெரிதாக நிலா கட்டும் கோட்டை வேறு சங்கதி, அது உயரத்தில் இருக்கும் பனிப்படிகங்களின் வேலை.

பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டு சொன்ன ஜி.என். ராமச்சந்திரன், அதற்கு முன் பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தபோது இந்த ஒளி வளையங்களில்தான் மூழ்கியிருந்தார். 1943இல் அதுபற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். வைவாவில் இதையும் சேர்த்துச் சொல்லு, எதிரில் இருப்பவர் முழிக்கட்டும்.

எனக்குத் தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது, அம்மா. மருமகள் தனக்குத் தெரியவில்லை என்கிறாள். காற்று மாசா?
– வாசகர், மயிலாப்பூர்

ஐயா, விளக்கைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். வட்டம் அப்படியே இருந்தால் அது காற்றில் இருக்கிறது. விளக்கோடு சேர்ந்து மறைந்தால் உங்கள் கண்ணுக்குள் இருக்கிறது. மருமகளுக்குத் தெரியவில்லை என்பதால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. கருவிழி நீர் கோத்து வீங்கினாலும், கண்புரை தொடங்கினாலும் ஒளி இப்படிச் சிதறும். கண் அழுத்த நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819இலிருந்து. இந்த வாரமே போங்கள். கண்வலியும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். இயற்பியல் விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் கையடக்கக் காற்று மீட்டர் ஒன்று வாங்கினேன், மேடம். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போட்டால் எகிறுகிறது. தோசைக்கல் காய்ந்தாலே ஏறுகிறது. ஆனால் பக்கத்து மனையில் களை பூத்து எனக்கு மூக்கு ஒழுகும் நாளில் 'காற்று நன்று' என்று பச்சை காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஐ.டி. ஊழியர், பெருங்குடி

இல்லை. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. உங்கள் மூக்கை விசாரிப்பது அதன் வேலையில் சேராது.

உள்ளே சின்ன ஃபேன் ஒன்று காற்றை இழுக்கும். குறுக்கே ஒரு லேசர். துகள் கடக்கும்போது பக்கவாட்டில் சிதறும் ஒளியை ஒரு உணரி பிடிக்கும். ஒவ்வொரு மினுக்கையும் எண்ணி, அதன் பலத்தை வைத்து 'இது இவ்வளவு பெரியது' என்று ஊகித்து, 'இத்தனை துகளுக்கு இவ்வளவு எடை' என்று ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைக் காட்டும். எதையும் எடை போடுவதில்லை. ஆலந்தூரிலும் மணலியிலும் இருக்கும் அரசு நிலையங்களில் காற்றை வடிநாடா வழியே இழுத்து, படிந்த தூசி பீட்டா கதிரை எவ்வளவு மறிக்கிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடுவார்கள். அவர்களிடம் இருப்பது தராசு. உங்களிடம் இருப்பது காய்கறிக்காரரின் கைமதிப்பு. கைமதிப்பும் பல நாள் சரியாகவே இருக்கும், ஆனால் சரக்கு மாறினால் தடுமாறும்.

எங்கெல்லாம் தடுமாறும்? சாம்பிராணிப் புகையில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே, ஒளியை அதிகம் விழுங்காமல் சிதறடிப்பவை. கருவிக்கு அது தீபாவளி. டீசல் கரிப்புகை நேரெதிர். அது சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம், அதனால் கருவி அதைக் குறைத்துத்தான் காட்டும். நுரையீரலுக்கு அது குறைவில்லை. மார்கழி விடியற்காலையில் ஈரப்பதம் ஏறும்போது கடலுப்புத் துகள்கள் தண்ணீரை இழுத்துப் பருத்து, எடை கூடாத தூசியையும் கூடியதுபோல் காட்டிவிடும்.

மகரந்தத்துக்கு வருவோம். இந்தக் கணக்கே 10 மைக்ரானுக்கும் 2.5 மைக்ரானுக்கும் கீழ்ப்பட்டவற்றுக்கானது. முழு மகரந்தம் பெரும்பாலும் அதற்கு மேலே. குட்டி ஃபேனின் இழுப்புக்கு அது சரியாக வராது, வந்தாலும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஒரு கன மீட்டரில் சில நூறு மகரந்தம் இருந்தாலே ஒவ்வாமைக்காரருக்கு அதிகம், ஆனால் புகையில் அதே இடத்தில் கோடிக்கணக்கான துகள் இருக்கும்.

பார்வைக்கும் இதுதான் கதை. ஒரு கிராம் பொருளை 30 மைக்ரான் உருண்டைகளாக வைத்திருப்பதைவிட அரை மைக்ரான் உருண்டைகளாக உடைத்தால் மொத்த நிழல் பரப்பு அறுபது மடங்காகும். ஆகவே கொஞ்சம் புகை ஊரையே மறைக்கும். 2018 போகி விடியலில் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கும். மகரந்தம் அப்படி வானத்தை மறைக்க வேண்டுமானால் ஃபின்லாந்துக் காடுகள் அளவுக்குப் பூக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பக்கத்துக் களை நீல வானத்தின் கீழேயே உங்களை ஒரு வழி பண்ணிவிடும்.

தியேட்டரில் புரொஜக்டர் ஒளிக்கற்றை தெரிகிறதே, சுத்தமான காற்றில் தெரியாதா?
– வாசகர், குரோம்பேட்டை

தெரியாது. உணவு தானாகக் கெடுகிறதா, காற்றில் வரும் கிருமியால் கெடுகிறதா என்ற பெரிய சண்டை இதை வைத்தே தீர்ந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டல், 1870களில் ஒரு பெட்டியின் உட்சுவரில் கிளிசரின் பூசி, கதவை மூடி, தூசி முழுக்கப் படியும்வரை விட்டுவைத்தார். பிறகு பக்க ஜன்னல் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்தினார். பெட்டிக்கு வெளியே கற்றை பளிச்சென்று தெரிந்தது, உள்ளே இருட்டு. அந்த இருட்டுப் பெட்டிக்குள் திறந்த குழாய்களில் வைத்துக் கொதிக்கவைத்த இறைச்சிச் சாறு, காய்ச்சாறு கெடாமல் இருந்தது. வெளியே வைத்தது நாறிப்போனது. கெடுப்பது காற்று அல்ல, காற்றில் மிதந்து வரும் உயிர்த்துகள் என்று காட்ட அவருக்கு ஒளிதான் சாட்சி. பழைய தியேட்டர்களில் சிகரெட் புகைக்குள் கற்றை இன்னும் அழகாகத் தெரியும் என்று ஏங்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் யு.வி. டார்ச் வாங்கி வீட்டில் அடித்துப் பார்த்தேன். சட்டை, தலையணை, காற்றில் பறக்கிற தூசி எல்லாம் நீலமாக ஜொலிக்குது. அத்தனையும் கிருமியா மேடம்? அம்மா பயந்துட்டாங்க.
– வாசகர், வியாசர்பாடி

அம்மாவிடம் சொல்லுங்கள், அது சலவைத்தூள். 'பளீர் வெண்மை' தருவதற்காக அதில் சேர்க்கும் சாயம் புற ஊதாவை விழுங்கி நீலமாக உமிழும். துணியிலிருந்து உதிர்ந்த இழை காற்றில் பறக்கிறது, அதுதான் ஜொலிக்கிறது.

ஆனால் கேள்வி வீணில்லை. உயிருள்ளவையும் ஒளிரும். எல்லா உயிரணுக்களின் புரதத்திலும் இருக்கும் டிரிப்டோஃபான் 280 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்) பக்கம் ஒளியை விழுங்கி 340 சுமாரில் உமிழும். உயிரணு மூச்சுவிடும் வேலையில் பங்கெடுக்கும் என்.ஏ.டி.எச். 340இல் விழுங்கி 460இல் நீலமாக. ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, 450இல் விழுங்கிப் பச்சையாக. மண் தூசியும் கடலுப்பும் பெரும்பாலும் இப்படிச் செய்யாது. ஆகவே துகள்களை வரிசையாக ஓடவிட்டு, ஒவ்வொன்றின்மேலும் புற ஊதா லேசர் அடித்து, திருப்பி ஒளிர்கிறதா என்று பார்த்தால் உயிர்த்துகள்களைத் தனியே எண்ணலாம். 355 நானோமீட்டர் லேசரோடு இப்படி ஒரு கருவியை ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் மூணாறுக்குக் கொண்டுபோய், 2014 தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றை அளந்தார்கள். அந்தக் கருவியும் சில நேரம் ஏமாறும். சில புகைத்துகள்களும் ஒளிர்ந்து தொலைக்கும்.

உங்கள் டார்ச் அநேகமாக 395 நானோமீட்டர். டிரிப்டோஃபானை அதால் தொடவே முடியாது. ஒற்றை பாக்டீரியா ஒளிர்ந்தாலும் கண் உணரும் அளவுக்கு வெளிச்சம் வராது. டார்ச்சை வீணாக்காமல், சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கி இருட்டில் அடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள்.

கிளினிக்கில் கொரோனா சமயத்தில் மாட்டிய யு.வி. விளக்கு இருக்கிறது. பூஞ்சை வாடைக்கு அதைப் போட்டால் போதுமா?
– டாக்டர், புரசைவாக்கம்

போதாது, டாக்டர். அந்த பாதரச விளக்கு 254 நானோமீட்டர். டி.என்.ஏ. மிக அதிகமாக விழுங்குவது 260 பக்கம், அதனால்தான் கிருமி சாகிறது. பல பாக்டீரியா சீக்கிரம் சாகும். ஆனால் மேலே சொன்ன வெங்காயப் பூஞ்சை மாதிரி மெலனின் போர்த்தியவை, டி.என்.ஏ.வுக்குப் போக வேண்டிய ஒளியை உறையிலேயே பிடித்துவிடும். அவற்றைக் கொல்லப் பல மடங்கு நேரம் வேண்டும். அலமாரிக்குப் பின்னால் நிழலில் இருப்பதற்கு ஒளியே போய்ச் சேராது. கசியும் சுவரைச் சரிசெய்யுங்கள், ஏ.சி. ஃபில்டரைக் கழுவுங்கள். விளக்கு எரியும்போது அறையில் ஆள் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். துடைக்க வரும் அம்மாவுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோட்டயம். 2001இல் அங்கே சிவப்பு மழை பெய்தது. வேற்றுக்கிரக உயிர் என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் வருகிறதே, டீச்சர்?
– வாசகி, தாம்பரம்

வரும். ஜூலை 25ஆம் தேதி கோட்டயம் பக்கம் தொடங்கி, செப்டம்பர் வரை கேரளத்தில் பல இடங்களில் விட்டுவிட்டுப் பெய்தது. தண்ணீரை ஆராய்ந்தது திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் மையமும், வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனமும். நிறத்துக்குக் காரணம் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று முடிவு சொன்னார்கள். வளர்த்தும் பார்த்தார்கள். இது வகையில் பச்சைப்பாசி, பார்வைக்கு ஆரஞ்சு. கேரட்டில் இருப்பதுபோன்ற கரோட்டினாய்டு சாயம் அதில் நிறைந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் ஈர மரப்பட்டையிலும் சுவரிலும் துருப்பிடித்ததுபோல் படர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சாயம் நீலத்தையும் பச்சையில் ஒரு பங்கையும் விழுங்கிவிடும். ஒற்றை வித்தை நுண்ணோக்கியில் வைத்தால் வெளிர்சிவப்பாகத்தான் தெரியும், ஒளி அதற்குள் கடக்கும் தூரம் சில மைக்ரான்தானே. வாளித் தண்ணீரில் ஒளி ஒன்றில் பட்டு, சிதறி, அடுத்ததில் பட்டு வெளியே வருவதற்குள் நீலம் முழுக்கப் போய்விடுகிறது. மிஞ்சுவது ரத்தச் சிவப்பு. துணியெல்லாம் கறையானபோது மக்கள் பயந்ததில் வியப்பில்லை. வால்மீனில் வந்த வேற்றுக்கிரக உயிர் என்று எழுதியவர்களும் ஆய்வாளர்கள்தான். ஆனால் பாசி உள்ளூர் மரத்திலேயே இருக்கும்போது வால்மீனைத் தேடிப் போவானேன்?

இடி மழை அன்று பையனுக்கு இழுப்பு வருகிறது. மழை பெய்தால் காற்று கழுவித் தூய்மையாகும் என்பார்களே? பக்கத்தில் சீமைக் கருவேல் புதர்.
– வாசகி, பள்ளிக்கரணை

நன்றாகப் பெய்து முடித்த மழை பெரிய துகள்களைக் கழுவிவிடும். மழைக்கு முன்னால் அடிக்கும் குளிர்காற்றும் ஈரமும்தான் தொல்லை. மகரந்தம் ஈரத்தை இழுத்து உப்பி வெடித்து, உள்ளிருக்கும் மாவுத்துணுக்குகளைக் காற்றில் விடும். முழு மகரந்தம் மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். இந்தத் துணுக்குகள் சில மைக்ரானுக்கும் கீழே, நேராக நுரையீரலுக்குப் போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் இப்படி உடைந்து, ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

சீமைக் கருவேல் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது என்பது தெரிந்த விஷயம். ஆனால் உங்கள் பையனுக்கு அதுதானா, இல்லை சுவர்ப் பூஞ்சையா, தலையணைத் தூசிப்பூச்சியா என்பதை லேசரோ மீட்டரோ சொல்லாது. தோல் பரிசோதனை செய்யும் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். மேகம் கருக்கும்போதே ஜன்னலை மூடிவிடுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அது பள்ளிப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.